எதிர்ப்பு வந்தால் போதுமா? பேராயர் ரொமேரோவை முன்வைத்துச் சில எண்ணங்கள்

கிறிஸ்தவ நண்பர்கள் நடுவில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாதம் இருக்கிறது. “எனக்கு இவ்வளவு எதிர்ப்பு வருகிறதே, நான் சத்தியத்தைப் பேசுகிறேன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?” பிரசங்க மேடையில் கேட்டிருப்பீர்கள். வாலிபர் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். ஃபேஸ்புக்கில் யாரிடமாவது சண்டை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவரும் இதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வார். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை. கட்சிக்காரர்கள், சினிமா ரசிகர்கள், மற்ற மதத்தவர்கள் என்று எல்லோரும் ஏதோ ஒரு நேரத்தில் இந்த வாதத்தைக் கையில் எடுக்கிறார்கள். நான் இங்கே கிறிஸ்தவத்தை வைத்துப் பேசினாலும் மற்ற நண்பர்களும் தங்கள் பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. உண்மை பேசுகிறவனுக்கு எதிர்ப்பு வரும் என்பது சரிதான். ஆனால் எதிர்ப்பு வருகிறவன் எல்லாம் உண்மை பேசுகிறவன் என்று ஆகிவிடுமா? மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம்!

வேதாகமமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. குற்றம் செய்துவிட்டு, அதற்காக அடி வாங்கி, அதைப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன கீர்த்தி இருக்கிறது என்று பேதுரு தன் முதல் நிருபத்தில் கேட்கிறார். அடி விழுந்ததா என்று பார்க்காதே, எதற்காக விழுந்தது என்று பார் என்பதுதான் அவர் சொல்ல வருவது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்விக்கு வெறும் தத்துவமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு மனிதரின் மூன்று வருஷ வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஆஸ்கார் ரொமேரோ. மத்திய அமெரிக்காவில் சுமார் 21,000 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள எல் சால்வடோர் என்ற குட்டி நாட்டின் தலைநகரான சான் சால்வடோரில், 1977 பிப்ரவரி முதல் 1980 மார்ச் வரை கத்தோலிக்கப் பேராயராக இருந்தவர்.

யாருக்கும் தொந்தரவு தராத ஆயர்

ரொமேரோ 1917 ஆகஸ்ட் 15-ல் சியுதாத் பாரியோஸ் என்ற மலையூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது தச்சு வேலை பழகியவர். 1942-ல் ரோமில் குருவானார். புத்தகப் பிரியர், கூச்ச சுபாவம், சட்டதிட்டங்களை அப்படியே கடைப்பிடிப்பவர். புரட்சிக்காரர் என்ற சொல்லுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் மறைமாவட்டப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தபோது, இயேசு சபையினர் நடத்திய ஒரு பள்ளியில் சமூகப் பிரச்சினைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த விதத்தைக் கண்டித்து எழுதியவர் அவர்.

எல் சால்வடோரில் அப்போது காப்பித் தோட்டங்களும் நல்ல நிலங்களும் ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தன. ‘பதினான்கு குடும்பங்கள்’ என்றே மக்கள் சொல்வார்கள். ஆட்சி ராணுவத்தின் கையில். கூலி உயர்வு கேட்டாலோ சங்கம் சேர்த்தாலோ அந்த விவசாயி காணாமல் போவார். இந்தச் சூழ்நிலையில் புதிய பேராயர் யார் என்ற பேச்சு வந்தபோது, ஏழைகளோடு வேலை செய்த குருக்கள் பலர் ஆர்துரோ ரிவேரா இ தாமாஸ் என்ற ஆயர் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ரொமேரோ. அரசாங்கத்துக்கும் பணக்காரர்களுக்கும் நிம்மதி. இவர் நமக்குத் தொந்தரவு தரமாட்டார் என்று நினைத்தார்கள்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 1975-ல் ரொமேரோ சாந்தியாகோ தே மரியா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தபோது, த்ரெஸ் காயெஸ் என்ற சிற்றூரில் தேசியக் காவல் படையினர் விவசாயிகள் சிலரைக் கொன்றார்கள். ரொமேரோ அங்கே போனார், குடும்பங்களுக்கு ஆறுதல் சொன்னார், நாட்டின் அதிபருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அது தனிப்பட்ட கடிதம். வெளியே எதுவும் சொல்லவில்லை. சத்தம் போடாமல், பெரிய மனிதர்களிடம் மரியாதையாகச் சொன்னால் காரியம் நடக்கும் என்று நம்பினார்.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான். பல நேரங்களில் அது நல்ல வழியும்கூட. எல்லா விஷயத்தையும் தெருவுக்குக் கொண்டு வருவது நேர்மை ஆகாது. ஆனால் அந்த வழியில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மூன்று உடல்கள்

ரொமேரோ பேராயராகப் பொறுப்பேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1977 மார்ச் 12, சனிக்கிழமை. அகிலாரெஸ் பங்கின் குருவானவர் ருத்திலியோ கிராந்தே, தன் சொந்த ஊரான எல் பைஸ்னாலுக்குத் திருப்பலி வைக்கக் காரில் போய்க்கொண்டிருந்தார். கரும்புத் தோட்டக் கூலிகள் நடுவில் வேலை செய்த இயேசு சபைக் குரு அவர். வழியில் சுட்டுக் கொன்றார்கள். கூட வந்த மனுவேல் சொலோர்சானோ என்ற முதியவரும், நெல்சன் ருத்திலியோ லெமுஸ் என்ற பதின்வயதுப் பையனும் செத்துப்போனார்கள்.

கிராந்தே ரொமேரோவின் நெருங்கிய நண்பர். 1970-ல் ரொமேரோ ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட விழாவை முன்நின்று ஒழுங்குசெய்தவரே அவர்தான். செய்தி கேட்ட அன்று இரவே ரொமேரோ அங்கே போனார். மூன்று உடல்களுக்கு முன்னால் நின்றார். அங்கே கூடியிருந்த விவசாயிகளின் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியங்களைக் கவனியுங்கள். விசாரணை நடக்கும்வரை அரசாங்க விழா எதிலும் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்தார். அடுத்த ஞாயிறு, மார்ச் 20 அன்று, மறைமாவட்டத்தின் எல்லாக் கோவில்களிலும் திருப்பலியை நிறுத்திவிட்டு, தலைநகரின் பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி என்று முடிவு செய்தார். போப்பாண்டவரின் தூதர் அதைக் கடுமையாக எதிர்த்தார். ரொமேரோ கேட்கவில்லை. சுமார் ஒரு லட்சம் பேர் வந்தார்கள். ஜூலையில் புதிய அதிபர் பதவியேற்றபோது பேராயர் அங்கே இல்லை. கிராந்தே கொலைக்கு விசாரணை என்ற பெயரில் எதுவும் நடக்கவில்லை என்பதால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஒரே ராத்திரியில் மனிதர் மாறிவிட்டார் என்று சிலர் கதைபோலச் சொல்வார்கள். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. 1975-ல் சிந்திய ரத்தமும், அந்தப் பதில் இல்லாத கடிதப் போக்குவரத்தும் அவருக்குள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஏழைகளின் கதை அவருக்குப் புதிது அல்ல. அதை வெளியே சொல்வதுதான் புதிது.

பெயர் பெயராக

ரொமேரோவின் ஞாயிறு மறையுரைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். மறைமாவட்டத்தின் வானொலி நிலையமான ஒய்.எஸ்.ஏ.எக்ஸ் அதை நாடு முழுக்க ஒலிபரப்பியது. முதலில் அன்றைய வேதப் பகுதிக்கு விளக்கம். பிறகு திருச்சபைச் செய்திகள். அதன் பிறகு, அந்த வாரம் நாட்டில் என்ன நடந்தது என்று வாசிப்பார். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் கொல்லப்பட்டார், யாரை எந்தப் படை பிடித்துக்கொண்டு போனது, யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்று பெயர் பெயராக.

பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதாத காலம். தன் மகன் எங்கே என்று போலீஸ் நிலையத்தில் கேட்ட தாயிடம் அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லி அனுப்பிய காலம். அந்தத் தாய்க்கு, தன் மகனின் பெயரை ஒரு பேராயர் வானொலியில் வாசிப்பது என்றால் என்னவாக இருந்திருக்கும்! இருந்தான், பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. இவ்வளவுதான் வாசித்தார். இதுதான் உண்மை. இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இங்கே முக்கியமான ஒரு விஷயம். அவர் காதில் விழுந்ததையெல்லாம் வாசிக்கவில்லை. ‘சோகோர்ரோ ஹுரிதிகோ’ என்ற சட்ட உதவி மையம் பேராயருக்குத் துணையாக இயங்கியது. இளம் வழக்கறிஞர்களும் மாணவர்களும் அதில் வேலை செய்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் வந்து சொல்வதை எழுதிக்கொண்டு, விசாரித்து, ஆவணமாக்கி வைத்தார்கள். அந்த உழைப்பிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் வந்தது. ஆவேசமாகப் பேசுவதற்கு ஒரு நிமிஷம் போதும். ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில நாட்கள் ஆகும். சத்தியத்தைப் பேசுவது என்றால் முதலில் சத்தியமா என்று பார்ப்பது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நாம் எத்தனை பேர் செய்கிறோம்?

எந்த ஊர், எந்தத் தேதி என்று எதுவும் இல்லாமல், “இன்று இரவு இத்தனை ஊழியர்களைக் கொல்லப்போகிறார்கள், உடனே எல்லோருக்கும் அனுப்பி ஜெபியுங்கள்” என்று ஒரு செய்தி வருஷக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும்போது, நிஜமாகவே துன்பப்படுகிறவர்களின் கதையையும் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். இதைச் சுட்டிக்காட்டினால், “விசுவாசம் இல்லாதவன்” என்று பதில் வரும். :-)

எதிர்த்தவர்கள் யார்?

‘கிறிஸ்தவனுக்கு எதிர்ப்பு’ என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும். இந்தப் பக்கம் கிறிஸ்தவன், அந்தப் பக்கம் கிறிஸ்துவை வெறுக்கிறவர்கள். ரொமேரோ விஷயத்தில் அந்தப் படம் பொருந்தவே பொருந்தாது.

அவரை எதிர்த்த தளபதிகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். தோட்ட முதலாளிகள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவர்கள். கடவுளையும் தாய்நாட்டையும் கம்யூனிசத்திடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் கொலைப் படைகளை நடத்தினார்கள். தேசபக்தன் என்றால் ஒரு பாதிரியைக் கொல் என்று துண்டுப் பிரசுரம் போட்டார்கள். 1977 ஜூனில், இயேசு சபையினர் முப்பது நாட்களுக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் எல்லோரையும் கொல்வோம் என்று ஒரு குழு கெடு வைத்தது. ரொமேரோ பேராயராக இருந்த மூன்று வருஷத்தில் ஆறு குருக்கள் கொல்லப்பட்டார்கள்.

அதைவிட வலித்திருக்கக்கூடியது உள்வீட்டு எதிர்ப்பு. நாட்டின் ஆயர்களில் அவரோடு உறுதியாக நின்றவர், ஒரு காலத்தில் அவருக்குப் போட்டியாகப் பேசப்பட்ட ரிவேரா இ தாமாஸ்தான். மற்றவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம். அரசியல் பேசுகிறார், திருச்சபையைப் பிளக்கிறார் என்று ரோமுக்குப் புகார் போனது. 1978 இறுதியில் வத்திக்கானிலிருந்து ஒரு ஆயர் விசாரணைக்கு வந்தார்.

1979 மே மாதம் ரொமேரோ ரோமில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவரைச் சந்தித்தார். அந்த ஜனவரியில், இளைஞர்களுக்கான ஒரு தியான முகாமுக்குள் படையினர் புகுந்து ஒக்தாவியோ ஓர்திஸ் என்ற இளம் குருவையும் நான்கு இளைஞர்களையும் கொன்றிருந்தார்கள். சிதைந்த முகத்தோடு இருந்த ஓர்திஸின் படத்தை ரொமேரோ எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சந்திப்பைப் பற்றி அவர் தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். போப்பாண்டவர் நிதானமாக இருக்கச் சொன்னார். குறிப்பிட்ட சம்பவங்களைச் சொல்லிக் குற்றம் சாட்டும்போது தவறு நேரலாம், அதனால் பொதுவான கொள்கைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்ற ரீதியில் ஆலோசனை சொன்னார். ரொமேரோ அதை மதித்தார். ஆனால் சில அநியாயங்களைக் குறிப்பாகச் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஓர்திஸ் கொலையையே உதாரணம் காட்டினார்.

போப்பாண்டவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தவறான குற்றச்சாட்டு ஒருவனுடைய உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்காகத்தான் அந்தச் சட்ட உதவி மையம். ஆனால் பொதுவான கொள்கைக்கு எதிர்ப்பே வராது என்பதையும் யோசியுங்கள். ‘கொலை பாவம்’ என்று சொன்னால் கொலைகாரனும் ஆமென் சொல்லுவான். ‘இந்தத் தேதியில், இந்த ஊரில், இந்தப் படை இவரைக் கொன்றது’ என்று சொல்லும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

முதலாம் ராஜாக்கள் 22-ம் அதிகாரத்தில் ஒரு கதை வரும். ஆகாப் ராஜா யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்கிறான். சுமார் நானூறு தீர்க்கதரிசிகள் போகலாம், ஜெயம் உமக்கே என்கிறார்கள். மிகாயா என்ற ஒருவன் மட்டும் மாறாகச் சொல்கிறான். அவன் கன்னத்தில் அறைந்தது எதிரி ராஜா அல்ல, அந்த நானூறு பேரில் ஒரு தீர்க்கதரிசி! கர்த்தரின் பேரால் பேசியவனை, கர்த்தரின் பேரைச் சொல்லித்தான் அறைந்தார்கள். ரொமேரோவுக்கு நடந்ததும் அதுதான்.

இரண்டு பக்கமும்

அவர் இடதுசாரிகளின் கைப்பாவை என்பது அன்றைய பெரிய குற்றச்சாட்டு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் கெரில்லாக்கள் செய்த ஆள்கடத்தலும் கொலையும் கூட வந்தன. 1977-ல் நாட்டின் வெளியுறவு அமைச்சரைக் கெரில்லாக்கள் கடத்திக் கொன்றபோது அதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். 1979 அக்டோபரில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்துச் சீர்திருத்தம் செய்வோம் என்று சொன்னபோது, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். உடனே தீவிர இடதுசாரிகள் அவரைத் திட்டினார்கள். அந்த அரசாங்கத்தின் கீழும் கொலைகள் நிற்கவில்லை என்று தெரிந்ததும் அதையும் சொன்னார். அதற்கு வேறு பக்கத்திலிருந்து திட்டு.

இரண்டு பக்கமும் திட்டினார்கள், அதனால் அவர் நடுநிலை, அதனால் அவர் சொன்னது உண்மை என்று நான் சொல்லப்போவதில்லை. அது மறுபடி அந்த ‘தெரு நனைந்த’ வாதம்தான். அவர் இரண்டு தரப்பையும் சமமாக நிறுத்தவும் இல்லை. பெரும்பாலான கொலைகளை யார் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும், அப்படியே சொன்னார். நான் சொல்ல வருவது ஒன்றுதான். யார் செய்தது என்று பார்த்து அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. செத்தவன் யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அவன் பெயர் பட்டியலில் வந்தது.

கடைசி ஞாயிறு

1980 பிப்ரவரியில், எல் சால்வடோருக்கு ராணுவ உதவி செய்ய வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு ரொமேரோ கடிதம் எழுதினார். இந்த முறை தனிப்பட்ட கடிதம் அல்ல. அனுப்புவதற்கு முன்பு மறையுரையில் மக்கள் முன்னால் வாசித்தார். 1975-ல் எழுதிய கடிதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வானொலி நிலையத்துக்கு வெடிகுண்டு வைத்தார்கள். மார்ச் 10-ம் தேதி, அவர் முந்தின நாள் திருப்பலி நிறைவேற்றிய கோவிலில் டைனமைட் நிரப்பிய பெட்டி ஒன்று வெடிக்காமல் கிடைத்தது.

மார்ச் 23, ஞாயிறு. அன்றைய மறையுரையின் முடிவில் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்துப் பேசினார். நீங்களும் இந்த மக்களில் பிறந்தவர்கள், நீங்கள் சுடுவது உங்கள் சொந்தச் சகோதர விவசாயிகளைத்தான், கொல்லாதே என்ற கடவுளின் கட்டளைக்கு விரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் எந்தச் சிப்பாய்க்கும் இல்லை என்றார். கடைசியில் கடவுளின் பேரால் அடக்குமுறையை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் மாலை, அவர் குடியிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவருடைய தாயாரின் நினைவுத் திருப்பலி. வாசல் பக்கமிருந்து வந்த ஒரே ஒரு தோட்டா. வயது 62.

இதில் எனக்கு அதிகம் உறைப்பது அவர் சிப்பாய்களை எப்படி அழைத்தார் என்பது. சகோதரர்கள் என்றார். கொலை செய்கிறவனையும் மீட்க வேண்டியவனாகப் பார்த்தார். சத்தியம் பேசுகிறேன் என்று சொல்லும் நம் பலருடைய பேச்சில் எதிரியை அவமானப்படுத்தும் சுகம்தான் முதலில் தெரிகிறது.

பேசியதால் என்ன பயன்?

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “சரி, இவ்வளவு பேசினாரே, என்ன நின்றுவிட்டது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றும் நிற்கவில்லை. மார்ச் 30-ல் நடந்த அவருடைய இறுதிச் சடங்கிலேயே குண்டு வெடித்து, துப்பாக்கிச் சூடு நடந்து, பல பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1992 வரை உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் மாண்டார்கள். பலனை வைத்து மட்டும் அளந்தால் ரொமேரோ தோற்றுப்போனவர். அமைதியாக இருந்திருந்தால் நாலு குருக்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று அன்றைக்கு வாதாடிய ஆயர்களை முழுக்க முட்டாள்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 1975-ல் அவர் அமைதியாகத்தான் இருந்தார். அந்த அமைதி யாரையும் காப்பாற்றவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமைதி கொலையைக் குறைக்கவில்லை, கொலையைப் பற்றிய பேச்சைத்தான் குறைத்தது.

போர் முடிந்த பிறகு, ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் 1993 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்கு வந்த புகார்கள் 22,000-க்கும் மேல். சாட்சிகள் கூறிய குற்றங்களில் சுமார் 85 சதவீதம் அரசுப் படைகள், அவற்றோடு சேர்ந்த குழுக்கள், கொலைப் படைகள் மீது. சுமார் 5 சதவீதம் கெரில்லாக்கள் மீது. ரொமேரோவைக் கொல்ல உத்தரவிட்டவர் முன்னாள் மேஜர் ரொபெர்த்தோ தோபுய்சோன் என்று ஆணையம் சொன்னது. அவர் ஒரு வருஷத்துக்கு முன்பே நோயில் இறந்துவிட்டார். அறிக்கை வந்த ஒரே வாரத்துக்குள் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை 2016-ல்தான் நீதிமன்றம் ரத்து செய்தது.

திருச்சபையிலும் இழுபறிதான். 1983-ல் இரண்டாம் ஜான் பால் அவருடைய கல்லறையில் மண்டியிட்டு ஜெபித்தார். ஆனாலும் அவரை மறைசாட்சி என்று ஏற்கப் பல வருஷம் தயங்கினார்கள். மறைசாட்சி என்றால் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பினால் கொல்லப்பட்டிருக்க வேண்டும். இவரைக் கொன்றவர்களே கத்தோலிக்கர்கள், இவர் அரசியலுக்காகத்தானே கொல்லப்பட்டார் என்பது வாதம். கடைசியில் 2015 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அவரை மறைசாட்சி என்று அங்கீகரித்தார். 2018 அக்டோபர் 14-ல் புனிதர் பட்டம். ருத்திலியோ கிராந்தேயும், அவரோடு செத்த முதியவரும், அந்தப் பையனும் 2022 ஜனவரியில் அருளாளர்கள் ஆனார்கள். செத்த பிறகும் சொந்தச் சகோதரக் குருக்களும் ஆயர்களுமே ரொமேரோ மீது அவதூறு பேசினார்கள் என்று போப் பிரான்சிஸ் 2015-ல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்.

இன்னொன்றும் நடந்தது. மனித உரிமை மீறல்களைப் பற்றிய உண்மையை அறியும் உரிமைக்காகவும், பாதிக்கப்பட்டவர்களின் கண்ணியத்துக்காகவும் ஒரு சர்வதேச தினத்தை 2010-ல் ஐ.நா. அறிவித்தது. தேர்ந்தெடுத்த தேதி மார்ச் 24, ரொமேரோ கொல்லப்பட்ட நாள்.

அப்படியானால் அளவுகோல் என்ன?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதிர்ப்பு அத்தாட்சி இல்லை என்றால் வேறு எது? ரொமேரோவின் வாழ்க்கையைப் பார்த்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்வதைச் சரிபார்த்தாயா? பக்தியினால் வந்த பொய்யும் பொய்தான்.

இரண்டாவது, யாருக்காகப் பேசுகிறாய்? ரொமேரோ தன் கௌரவத்துக்காகவோ தன் சபையின் சலுகைக்காகவோ பேசவில்லை. பேச வாயில்லாதவனுடைய பெயரை வாசித்தார். நம் ‘சத்தியப் போராட்டம்’ எல்லாம் நம்மைப் பற்றியே இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

மூன்றாவது, உன் சொந்த ஆட்களைப் பற்றியும் பேசுவாயா? வேறு மதத்தவர் செய்தால் அநியாயம், நம் சபைப் பெரியவர் செய்தால் குடும்ப விஷயம் என்று சொல்கிறவன் சத்தியத்துக்குச் சாட்சி அல்ல. சபைக் கமிட்டியில் கணக்குக் கேட்டதற்காக ஓரங்கட்டப்பட்டவர்கள், போதகர் மீது வந்த புகாரை மூடி மறைக்காதீர்கள் என்று சொன்னதற்காகச் சபையை விட்டே போக நேர்ந்த பெண்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மறைசாட்சி என்று பட்டம் கொடுப்பதில்லை. ஆனால் மிகாயாவின் வரிசையில் நிற்பது அவர்கள்தான்.

நான்காவது, விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் பேசி, அடி வேறு யாருக்கோ விழுந்தால் அது வீரம் ஆகாது. ரொமேரோவுக்கு இந்தக் கேள்வி லேசாக இருந்திருக்காது. அவருடைய குருக்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. நாட்டை விட்டுப் போகவும் இல்லை. அதனால்தான் அவருடைய பேச்சுக்கு எடை இருந்தது.

இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், எதிர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். எதிர்ப்பைத் தேடிப் போக வேண்டாம், வந்தால் பதக்கமாக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். ரொமேரோ கடைசிவரைக்கும் பயந்த சுபாவம் உள்ளவராகவே இருந்தார் என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பயம் போன பிறகு அவர் பேச ஆரம்பிக்கவில்லை. பயத்தோடேயே ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தார்.

நம்மில் யாருக்கும் வானொலி நிலையம் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த இடத்தில், நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்கிற ஒரு பெயர் இருக்கும். வகுப்பில், விடுதியில், சபையில், வீட்டில். அது யாருடைய பெயர் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். எதிர்ப்பு வந்தால் நான் சொன்னதுதான் சரி என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். :-)